கண்ணருகே ஒரு பொறி: மிகைமெய்ம்மைத் தலையணியும் அதன் வன்பொருள் அமைப்பும்

ஓலைச்சுவடியில் எழுதிய நம் முன்னோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதைப் பெரும்பாலும் தவிர்த்தனர். எழுத்தாணியின் கூர்முனை அழுந்திய இடத்தில் ஓலை துளைபட்டுவிடும் என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஏட்டில் ஒன்றுபோல் தோன்றியமைக்கும் புள்ளி விடுபட்டதே காரணம். ஒரு சொல்லின் உருவைத் துணிவதற்கு உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் எத்துணைப் பாடுபட்டனர் என்பதைத் தமிழ்த்துறை மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இலக்கணம் புள்ளி வேண்டும் என்றது. ஓலை வேண்டா என்றது. ஓலையே வென்றது.

கருவியின் பருப்பொருள் அக்கருவியால் ஆகும் பயனை வரையறுக்கும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. கணிப்பொறி உலகின் புதுமைகளையெல்லாம் மென்பொருளின் வெற்றியாகவே கேட்டுப் பழகிவிட்ட நமக்கு இவ்வுண்மை எளிதில் மறந்துபோகிறது. கண்ணருகே அணிந்துகொள்ளும் 'ஆக்மெண்டட் ரியாலிட்டி' தலையணிகளின் அறுபதாண்டு வரலாற்றை நோக்கினால், அங்கே மென்பொருளறிஞர் விரும்பியது ஒன்றாகவும், கண்ணாடித் தகடும் மின்கலமும் வெப்பமும் இசைந்தது பிறிதொன்றாகவும் இருந்துவருவதைக் காணலாம். தமிழாசிரியர்க்கு இத்துறையில் என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். நாளை நம் மாணவர் எதன் வழியாக உலகைக் காணப் போகின்றனரோ, அதன் அமைப்பை நாமும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நன்று என்பதே நம் விடை.

முதற்கண் சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஆக்மெண்டட் ரியாலிட்டி என்பதை 'மிகைமெய்ம்மை' என்றும் 'புனைமெய்ம்மை' என்றும் பலவாறு தமிழாக்குகின்றனர். புனைமெய்ம்மை என்றால் காண்பது முழுதும் புனைவே என்னும் மயக்கம் ஏற்படுகிறது. ஆதலின் மிகைமெய்ம்மை என்னும் சொல்லையே இக்கட்டுரையில் ஆள்கிறோம். மிகை என்பதற்கு அளவின் மிஞ்சியது என்னும் பொருளும் உண்டே எனின், அப்பொருளும் இக்கருவிகளுக்குச் சிற்சில வேளைகளில் பொருந்துவதே.

ஆங்கிலப் பெயர் 1990ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் போயிங் வானூர்தி நிறுவனத்தில் பணியாற்றிய டாம் காடெல் என்பவரால் வழக்கிற்கு வந்தது. வானூர்திக்குரிய மின்கம்பிகளைப் பலகைமேல் வரிசைப்படுத்தும் தொழிலாளி, வரைபடத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்து அலுக்காமல், கம்பி செல்லும் தடத்தைப் பலகைமீதே காண வேண்டும் என்பது அவர் நோக்கம். 1992இல் அவரும் டேவிட் மைசெல்லும் இதுபற்றி ஆய்வுரை வெளியிட்டனர். 1997இல் ரொனால்டு அசூமா என்னும் ஆய்வாளர் இத்துறைக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். மெய்யும் நிகரும் ஒருங்கே தோன்றுதல் வேண்டும். அஃது உடனுக்குடன் நம் செயலுக்கேற்ப மாறுதல் வேண்டும். நிகர்ப்பொருள் முப்பரிமாண வெளியில் தனக்குரிய இடத்தில் பிறழாது நிற்றல் வேண்டும் என்பன அவர் கூறிய மூன்று. மேசைமேல் வைத்த நிகர்ப்பூச்சாடி, நாம் எழுந்து சுற்றி வந்தாலும் மேசைமேலேயே நிற்க வேண்டும் என்பது மூன்றாவதன் பொருள். சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இம்மூன்றாம் இலக்கணமே பொறியியலாரை இன்றளவும் அலைக்கழித்து வருகிறது.

ஒளியும் கண்ணும்

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே பார்வை நிகழ்கிறது என்று யூக்ளிடு, தாலமி முதலிய பண்டை அறிஞர் கருதினர். அதனை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுட் புகுவதாலேயே காட்சி உண்டாகிறது என்பதை ஆய்வு முறையால் நிறுவியவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அரபியில் இயற்றிய 'கிதாபுல் மனாழிர்' பின்னர் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய ஒளியியலுக்கு அடித்தளமாயிற்று. தலையணிக்கும் அந்நூலுக்கும் என்ன தொடர்பு எனலாம். உள்ளே வரும் ஒளியே காட்சி என்றால், அவ்வொளி மரத்திலிருந்து வந்ததா, நெற்றியருகே பொருத்திய சிறு விளக்கிலிருந்து வந்ததா எனக் கண் அறியாது. தக்க திசையில், தக்க அளவில் ஒளியை அனுப்பினால் இல்லாத மரமும் தெரியும். மிகைமெய்ம்மையின் அடிப்படை முழுவதும் இதுவேயாகும்.

இதனை நாம் நாள்தோறும் காண்கிறோம். இரவுப் பேருந்தில் சாளரக் கண்ணாடியை நோக்கினால், வெளியே ஓடும் இருண்ட வயல்களின்மேல் உள்ளே அமர்ந்திருப்போர் உருவங்கள் மிதந்து செல்வதுபோல் தோன்றும். கண்ணாடி வெளியொளியை உள்ளே விடுகிறது. உள்ளொளியைச் சிறிது திருப்பியும் அனுப்புகிறது. பகலில் அதே கண்ணாடியில் அவ்வுருவங்கள் தெரிவதில்லை. அவை இல்லாமற் போகவில்லை; வெளியொளி அவற்றை விழுங்கிவிடுகிறது. 1862ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் ராயல் பாலிடெக்னிக் அரங்கில் ஜான் ஹென்றி பெப்பர் என்பார் மேடைமேல் பேயுருவைத் தோன்றச் செய்தது இந்த உத்தியாலேயே. சாய்த்து நிறுத்திய பெருங்கண்ணாடி, கீழே மறைவில் ஒளியூட்டப்பட்ட நடிகர், அவ்வளவே.

தலையில் அணியும் முதற்கருவியை ஐவன் சதர்லாந்து என்னும் அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் 1968இல் வெளியுலகுக்கு அறிவித்தார். ஆர்வர்டில் தொடங்கி யூட்டா பல்கலைக்கழகத்தில் முற்றுப்பெற்ற பணி அது. தலையின் இருமருங்கும் சிறிய படக்குழாய்கள். கண்முன் பாதி வெள்ளி பூசிய ஆடிகள். கோடுகளாலாகிய ஒரு கனசதுரம் அறையின் நடுவே மிதந்தது. தலை எத்திசையில் திரும்புகிறது என்பதை அளக்கக் கூரையிலிருந்து ஓர் இரும்புத் தண்டு இறங்கி அணிபவர் தலையில் பிணைக்கப்பட்டிருந்தது. தன் தலைக்குமேல் மயிரிழையில் தொங்கிய வாளைக் கண்டு நடுங்கிய டாமொக்ளீசின் கிரேக்கக் கதையை நினைந்து, அவ்வமைப்பை 'டாமொக்ளீசின் வாள்' என்றே அழைத்தனர். படம் வரைந்த சூத்திரம் எத்துணைச் சிறந்ததாயினும், கூரைத்தண்டு எட்டும் தொலைவுக்கு அப்பால் அம்மிகைமெய்ம்மை செல்லவில்லை. கருவியின் எல்லையே காட்சியின் எல்லையாயிற்று.

கண்ணாடியா, படக்கருவியா?

தலையணி வடிவமைப்போர் எடுக்க வேண்டிய முதல் முடிவு இதுவே. சதர்லாந்து செய்ததுபோல் கண்முன் கண்ணாடியை வைத்து, உலகை நேரே காணவிட்டு, அதன்மேல் ஒளியைச் சேர்க்கலாம். அன்றேல் கண்ணை முழுதும் மூடி, கேமரா என நாம் வழங்கும் படக்கருவி ஒன்றால் உலகைப் படம்பிடித்து, அப்படத்தில் வேண்டியதைச் சேர்த்து உள்ளே ஒரு திரையில் காட்டலாம். முன்னதற்கு 2016இல் வெளிவந்த மைக்ரோசாப்ட் ஓலோலென்சும், பின்னதற்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் புரோவும் தக்க சான்றுகள்.

கண்ணாடி வழியில் ஒரு பெருங்குறை உண்டு. ஒளியைக் கூட்டத்தான் இயலும், கழிக்க இயலாது. எனவே கறுப்பு நிறத்தை அதில் வரையவே முடியாது. ஓவியன் வெண்தாளில் மை தீட்டுகிறான். இங்கோ கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதுவது போன்ற நிலை. அப்பலகையும் எப்போதும் கரியதாக இராது. வெண்சுவர் முன்னே நின்றால் நிகர்ப்பொருள் வெளிறும். வெயிலில் சென்றால் மறைந்தே போகும். நிகர்ப்பொருளுக்கு நிழல் வீழ்த்துவதும் அரிது. நிழலின்றி நிற்கும் பொருளைக் கண் மெய்யென நம்புவதில்லை. 2022இல் வந்த மேஜிக் லீப் 2 என்னும் தலையணி இதற்கொரு மாற்றுக் கண்டது. வேண்டும் இடத்தில் கண்ணாடியைக் கருக்கச் செய்யும் படலம் ஒன்றை அதில் பொருத்தினர். கறுப்பு ஒருவாறு கிடைத்தது. ஆயின் அவ்விடத்தில் உலகின் ஒளியும் குன்றிற்று.

படக்கருவி வழியில் கறுப்பும் வரும், நிழலும் வரும், நிகர்ச்சுவர் மெய்ச்சுவரை முழுதும் மறைக்கவும் செய்யும். இங்குக் கொடுக்கும் விலை வேறு. உலகை நாம் நேரே காண்பதில்லை. உலகின் படத்தையே காண்கிறோம். படக்கருவி எடுத்து, சில்லு கணித்து, திரை காட்டுவதற்குள் ஒரு காலத்தாழ்வு நேர்கிறது. அது நீளுமானால் செவியினுள் உள்ள நிலையுணர் உறுப்பு ஒன்று சொல்ல, கண் மற்றொன்று சொல்ல, தலைசுற்றலும் குமட்டலும் தோன்றும். இத்தாழ்வைக் குறைப்பதற்கென்றே விஷன் புரோவில் ஆர்1 என்னும் தனிச்சில்லு ஒன்றை அமைத்து, 12 மில்லிநொடிக்குள் படத்தைக் கண்முன் சேர்ப்பதாக ஆப்பிள் அறிவித்தது. 12 படக்கருவிகள், 5 உணரிகள், இரு கண்ணுக்கும் சேர்த்து 2 கோடியே 30 இலட்சம் படப்புள்ளிகள் எனப் பெருஞ்செலவில் ஆக்கப்பட்ட அப்பொறி 3,499 டாலருக்கு விற்கப்பட்டது. இத்தனையும் எதற்கு? கண்ணை மூடுமுன் இலவசமாகக் கிடைத்த காட்சியை மீண்டும் கண்ணுக்குத் தருவதற்கு! மின்னாற்றல் அற்றால் கண்ணாடி வழியில் நிகர்ப்பொருள் மட்டும் மறையும். படக்கருவி வழியில் உலகே மறையும். தெருவில் நடப்பவர்க்கும் இயந்திரம் இயக்குபவர்க்கும் இவ்வேறுபாடு சிறிதன்று.

காலத்தாழ்வு கண்ணாடி வழியையும் விட்டுவைப்பதில்லை. சொல்லப்போனால் அங்குத்தான் அது கூடுதலாக வெளிப்படுகிறது. படக்கருவி வழியில் மெய்யும் நிகரும் ஒருங்கே தாழ்வதால் அவற்றை ஒன்றோடொன்று பொருத்திவிடலாம். கண்ணாடி வழியிலோ மெய்யுலகுக்குத் தாழ்வே இல்லை. நிகர் மட்டும் பின்தங்குகிறது. ஒருவர் தலையை நொடிக்கு 100 பாகை வேகத்தில் திருப்புகிறார் எனக் கொள்வோம். 20 மில்லிநொடித் தாழ்வில் நிகர்ப்பொருள் 2 பாகை பிறழும். ஒரு மீட்டர் தொலைவில் அஃது ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர். விளையாட்டில் இப்பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். எந்தத் திருகைக் கழற்றுவது என்று அம்புக்குறியை நம்பி நிற்கும் இயந்திரப் பணியாளருக்கு மூன்றரை சென்டிமீட்டர் என்பது அடுத்த திருகு; உடலைக் கீறும் இடத்தை நோக்கி நிற்கும் அறுவை மருத்துவருக்கோ அதனை எண்ணவும் வேண்டா. தலை எங்குச் செல்லும் என்பதை முன்கூட்டியே கணித்து வரைதல் முதலிய உத்திகளால் இப்பிழையைப் பெரிதும் குறைக்கின்றனர். அதற்கெனவே ஓலோலென்சில் படக்கருவிகளின் செய்தியைக் கணிக்கத் தனிச்சில்லு ஒன்று வைக்கப்பட்டது.

சாளரத்தின் அகலம்

ஓலோலென்சின் முதல் வடிவை அணிந்தோர் பலரும் கூறிய குறை காட்சிப்புலத்தின் குறுக்கமே. மூலைவிட்ட அளவில் ஏறத்தாழ 34 பாகை. ஓர் ஏ4 தாளைக் கிடைவாக்கில் 60 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்தால் கண்ணில் அடங்கும் அளவு அது. மனிதரின் இரு கண்களும் சேர்ந்து கிடைவாக்கில் ஏறத்தாழ 200 பாகையைக் காண வல்லவை. ஆதலின் அறையில் யானை ஒன்றை நிறுத்தினால் துதிக்கையைப் பார்க்கையில் வால் தெரியாது. வாலைப் பார்க்கையில் துதிக்கை மறையும்.

ஏன் அகலமாகச் செய்யவில்லை? இதற்கு விடை கண்ணாடித் தகட்டினுள் இருக்கிறது. ஓலோலென்சு போன்றவற்றில் நெற்றியோரத்துச் சிறு ஒளிமூலம் படத்தை உண்டாக்கும். அவ்வொளி மெல்லிய கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் புகுந்து, அதன் இருபுறமும் மாறி மாறி எதிரொளித்து, கண்ணுக்கு நேரே வந்ததும் வெளிப்படுத்தப்படும். இதனை ஒளிவழித் தகடு எனலாம். ஒளி குறிப்பிட்ட சாய்வுக்குமேல் விழுந்தால்தான் தகட்டினுள் அடைபட்டு ஓடும். அச்சாய்வு குறைந்தால் வழியிலேயே வெளியேறிவிடும். சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5, அதற்கு அவ்வெல்லைக் கோணம் ஏறத்தாழ 42 பாகை. விலகல் எண் கூடக்கூட இக்கோணம் குறையும், தகட்டினுள் செலுத்தத்தக்க கதிர்களின் வீச்சு விரியும், காட்சிப்புலமும் அகலும். ஆக, காட்சியின் அகலத்தை ஒரு பொருளின் விலகல் எண் வரையறுக்கிறது. 2024 செப்டம்பரில் மெட்டா நிறுவனம் காட்டிய 'ஓரையன்' என்னும் முன்மாதிரியில் கண்ணாடிக்கு மாற்றாகச் சிலிக்கன் கார்பைடு பயன்படுத்தப்பட்டது. அதன் விலகல் எண் 2.6 அளவினது, எல்லைக் கோணம் 23 பாகைக்கும் குறைவு. 98 கிராம் எடையுள்ள மூக்குக்கண்ணாடி வடிவில் 70 பாகைக் காட்சிப்புலம் கிடைத்தது. ஆயின் சிலிக்கன் கார்பைடைப் படிகமாக வளர்த்து, அறுத்து, மெருகிட்டு, அதில் நுண்வரிகள் பொறிப்பது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை. ஒன்று செய்ய ஏறத்தாழ 10,000 டாலர் ஆகிறது என்ற செய்தி அப்போது வெளிவந்தது. அது விற்பனைக்குரியது அன்று என்பதை அந்நிறுவனமே அறிவித்தது.

அகலத்தோடு கூர்மையும் வேண்டும் என்றால் சிக்கல் இரட்டிக்கிறது. நற்பார்வையுடைய கண் ஒரு பாகைக்கு 60 படப்புள்ளிகள் வரை பிரித்தறியும். 100 பாகை அகலத்தையும் உயரத்தையும் அக்கூர்மையோடு நிரப்ப ஒரு கண்ணுக்கு மட்டும் 3 கோடியே 60 இலட்சம் புள்ளிகள் வேண்டும். அவற்றை ஒளிரச் செய்யவும் கணிக்கவும் ஆற்றல் வேண்டும். ஆற்றல் என்றால் மின்கலம், மின்கலம் என்றால் எடை.

இங்கு வேறொரு நுட்பமும் உண்டு. பெரும்பாலான தலையணிகள் படத்தை ஒரே குவியத் தொலைவில் நிறுத்துகின்றன. ஓலோலென்சில் அஃது ஏறத்தாழ 2 மீட்டர். கையருகே 30 சென்டிமீட்டரில் நிகர்ப்பொருளைக் காட்டினால், இரு கண்களும் அதனை நோக்கி உட்புறம் திரும்பும். கண்ணின் வில்லையோ 2 மீட்டருக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். வாழ்நாள் முழுவதும் இணைந்தே இயங்கிப் பழகிய இரு செயல்கள் இங்குப் பிணங்குகின்றன. நெடுநேரம் அணிவோர்க்குக் கண்வலி தோன்றுவதன் காரணங்களுள் இஃது ஒன்று. நிகர்ப்பொருளை ஒன்றேகால் மீட்டருக்கு அப்பால் வைப்பதே நன்று என மைக்ரோசாப்ட் தன் மென்பொருள் எழுதுவோர்க்கு அறிவுறுத்தியது. வன்பொருள் தீர்க்க மாட்டாததை மென்பொருள் ஒதுங்கி நின்று சமாளித்தது எனலாம்.

எடை எங்கே அமர்வது?

'ஐயா, மூக்குக்கண்ணாடியைப் போலவே இதனையும் இலேசாகச் செய்துவிட்டால் என்ன?' என்று நம் வகுப்பில் ஒரு மாணவர் வினவினார். நல்ல வினா. மூக்குக்கண்ணாடி ஒளியை வளைப்பதோடு நின்றுவிடுகிறது. இப்பொறியோ காண வேண்டும், கணிக்க வேண்டும், ஒளிர வேண்டும். இவை மூன்றும் வெப்பத்தை எழுப்புகின்றன. மேசைக் கணிப்பொறிக்கு விசிறி வைக்கலாம். நெற்றித் தோலை ஒட்டிக் கிடக்கும் பொறி சற்றே சூடேறினாலும் அணிபவர் கழற்றி வைத்துவிடுவார். எனவே மெல்லிய கண்ணாடிச் சட்டம் ஒன்றினுள் ஓரிரு வாட் ஆற்றலுக்குமேல் செலவிடுவது கடினம்; கைப்பேசியில் ஓடும் செயல்கள் பல அதில் ஓடா.

ஆகவே எடையையும் வெப்பத்தையும் எங்கே கொண்டு வைப்பது என்பதில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழியை நாடிற்று. ஓலோலென்சின் முதல் வடிவம் 579 கிராம். எடையின் பெரும்பகுதி முன்புறத்தே அமைந்து மூக்கையும் நெற்றியையும் அழுத்திற்று. 2019இல் அறிவிக்கப்பட்ட ஓலோலென்சு 2 நிறுத்துப் பார்த்தால் 566 கிராம். குறைந்தது 13 கிராம் மட்டுமே. ஆயினும் அணிந்தோர் அதனைப் பெரிதும் இலேசாக உணர்ந்தனர். மின்கலத்தையும் கணிப்பகுதியையும் தலையின் பின்புறத்துக்கு மாற்றி, நிறை நடுவில் அமையுமாறு செய்ததே காரணம். தலைச்சுமை தூக்கும் பெண்கள் சும்மாடு வைத்து நிறையை நேர்ப்படுத்தும் நுட்பத்தை அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை. எவ்வளவு கனம் என்பதினும் எங்கே கனம் என்பதே கழுத்துக்குத் தெரியும்.

மேஜிக் லீப் நிறுவனம் 2018இல் கணிப்பகுதியையும் மின்கலத்தையும் தனிப்பெட்டியாக்கி இடுப்பில் செருகச் செய்தது. தலையணியின் எடை 316 கிராமாகக் குறைந்தது. ஆயின் தலைக்கும் இடுப்புக்கும் இடையே ஒரு வடம் தொங்கிற்று. விஷன் புரோவின் முதல் வடிவில் மின்கலம் மட்டும் தனியே சட்டைப்பைக்குச் சென்றது. 353 கிராம் எடையுள்ள அம்மின்கலம் தந்த ஆற்றல் 2 மணி நேரத்துக்கே போதுமாயிருந்தது. மின்கலத்தை வெளியேற்றிய பின்னும் முகத்தில் 600 கிராமுக்குக் குறையாமல் எஞ்சியது. காரணம், உறுதிக்கும் எழிலுக்குமாக அலுமினியமும் கண்ணாடியும் தேர்ந்தமை. அணிந்தவரின் கண்கள் வெளியே தெரிவது போலக் காட்டும் திரை ஒன்றை முன்புறத்தில் சேர்த்தமை. பிறர் முகத்தை மறைக்கும் பொறி, மறைத்த முகத்தின் படத்தை வெளியே காட்டி ஈடுசெய்ய முயல்வதை என்னென்பது!

இப்பொறிகளுள் மிகக் கடுமையான தேர்வுக்கு உட்பட்டது ஓலோலென்சின் வழிவந்த படைத்துறைத் தலையணியே. 2021இல் அமெரிக்கத் தரைப்படை மைக்ரோசாப்டுடன் 2,190 கோடி டாலர் வரை செல்லத்தக்க ஓர் ஒப்பந்தம் செய்தது. 2022ஆம் ஆண்டுத் தேர்வில் வீரர்கள் தலைவலி, கண்ணயர்ச்சி, குமட்டல் ஆகியவற்றைக் கூறினர். ஒளிவழித் தகடு ஒளியைக் கண்பக்கம் மட்டும் விடுவதில்லை. சிறிது வெளிப்பக்கமும் கசியவிடும். அலுவலகத்தில் இஃது ஒரு பொருட்டன்று. இருளில் பதுங்கியிருக்கும் வீரனை அக்கசிவு தொலைவிலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும் என்ற குறையும் அப்போது எழுந்தது. தகட்டின் இயல்பாகிய ஒன்று, இடம் மாறியவுடன் உயிர்க்கேடாக மாறுவதைக் காண்க. 2024 அக்டோபரில் ஓலோலென்சு 2 உற்பத்தி நிறுத்தப்பட்டது தெரியவந்தது. 2025இல் படைத்துறைத் திட்டமும் அண்டுரில் என்னும் நிறுவனத்தின் கைக்கு மாறியது.

யாருடைய தலை, யாருடைய முகம்?

வடிவமைப்பாளர் தம் மேசையில் ஒரு தலையை அளவுகோலாகக் கொள்கின்றனர். இரு கருவிழிகளுக்கும் இடைப்பட்ட தொலைவு சராசரியாக 63 மில்லிமீட்டர். அதினின்று மிக விலகிய முகத்தினர்க்குப் படம் மங்கும். இரண்டாகத் தெரிதலும் உண்டு. மூக்குக்கண்ணாடி அணிந்தோர்க்கு இடமில்லாத தலையணிகள் உள்ளன. விஷன் புரோவுக்குத் தனியே விலை கொடுத்து வில்லை வாங்கிப் பொருத்த வேண்டும். கொண்டை முடிந்தோர், முக்காடிட்டோர், தலைப்பாகை கட்டியோர் தலையில் இறுக்குபட்டை எங்கே அமரும் என்பதும் எண்ணத்தக்கதே. எந்தத் தலையை மனத்திற்கொண்டு பட்டையை வகுத்தனர் என்பது பட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது.

அணிபவரைப் பற்றியே இதுகாறும் பேசினோம். எதிரே நிற்பவர் ஒருவரும் உளர். அவர் எதையும் அணியவில்லை. எதற்கும் இசைவு தரவுமில்லை. 2013இல் 1,500 டாலர் விலையில் சோதனைக்கு வந்த கூகிள் கிளாஸ் வலக்கண்ணுக்கு மேலே சிறு பட்டகம் ஒன்றைக் கொண்டது. 50 கிராமுக்கும் குறைவான அப்பொறி வன்பொருள் நோக்கில் பாராட்டத்தக்கதே. அதனை வீழ்த்தியது பட்டகத்தின் அருகே இருந்த படக்கருவி. பேசிக்கொண்டிருப்பவர் நம்மைப் படம்பிடிக்கிறாரா என்பதை அறிவிக்கத் தனி விளக்கு அதில் இல்லை. உணவகங்கள் சில அதனை அணிந்து வருவோரைத் தடுத்தன. 2015 ஜனவரியில் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. தொழிற்கூடங்களுக்கென வந்த வடிவமும் 2023 மார்ச்சில் நிறுத்தப்பட்டது.

பின்வந்தோர் விளக்கு வைத்தனர். 2021இல் பேஸ்புக் நிறுவனமும் ரேபானும் இணைந்து வெளியிட்ட கண்ணாடியில் இருந்த விளக்கு மிகச் சிறிது என்று அயர்லாந்து, இத்தாலி நாடுகளின் தரவுக் காப்பு ஆணையங்கள் ஐயம் எழுப்பின. 2023இல் வந்த அடுத்த வடிவில் விளக்கு பெரிதாயிற்று. அதனை மூடினால் படக்கருவி இயங்காதவாறும் செய்தனர். அவ்விளக்கைச் செயலிழக்கச் செய்து தருவோரும் தோன்றிவிட்டதை 2025ஆம் ஆண்டுச் செய்திகள் தெரிவித்தன. 2024இல் ஆர்வர்டு மாணவர் இருவர் இத்தகைய கண்ணாடியோடு முகமறி மென்பொருளை இணைத்து, வழியில் கண்ட முன்பின் அறியாதோரின் பெயரும் விவரமும் திரட்ட முடியும் என்பதைச் செய்துகாட்டி எச்சரித்தனர். ஒரு சட்டத்தில் துளையிட்டுப் படக்கருவியைப் பொருத்துவதா, விடுவதா என்பது பொறியியலார் எடுக்கும் சிறு முடிவு. பேருந்தில் எதிர் இருக்கையில் அமர்ந்திருக்கும் பெண்ணின் அமைதி அம்முடிவைச் சார்ந்து நிற்கிறது. மிகைமெய்ம்மைக்கு அத்துளை தவிர்க்க இயலாதது என்பதுதான் இதில் இடர்ப்பாடு. அறையைக் காணாத பொறி மேசை எங்கே உளது என்பதை அறியாது. மேசையை அறியாமல் பூச்சாடியை நிறுத்தவும் இயலாது. அசூமாவின் மூன்றாம் இலக்கணத்தை நிறைவேற்றும் எந்தத் தலையணியும் அயலாரைக் காணும் கண்ணுடையதாகவே இருந்தாக வேண்டும்.

2025 செப்டம்பரில் மெட்டா நிறுவனம் 799 டாலர் விலையில் வெளியிட்ட ரேபான் டிஸ்பிளே கண்ணாடியை இந்நோக்கில் ஆராய்தல் பயனுடையது. அதன் எடை 69 கிராம். மணிக்கட்டில் அணியும் பட்டை ஒன்று தசை நரம்புகளின் மின்குறிப்பை உணர்ந்து விரலசைவை ஆணையாக மாற்றுவதால், கையை வீசிக் காட்ட வேண்டுவதில்லை. வெளிச்சமும் போதியது, வெயிலில் படிக்கலாம். இத்துணை நலன்கள் எவ்வாறு 69 கிராமுக்குள் அடங்கின எனின், கைவிட்டவற்றைக் கணக்கெடுக்க வேண்டும். திரை வலக்கண்ணுக்கு மட்டுமே. காட்சிப்புலம் 20 பாகை; 60 சென்டிமீட்டரில் பிடித்த 15 சென்டிமீட்டர் சதுரம் அளவு. படம் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும். தலை திரும்பினால் தானும் திரும்பும். மெய்யும் நிகரும் ஒருங்கே தோன்றுகின்றன. உடனுக்குடன் மாறவும் செய்கின்றன. மூன்றாம் இலக்கணம் மட்டும் விடப்பட்டது. அதனை விட்டமையாலேயே இரு கண்ணுக்கும் திரை வேண்டியதில்லை, அறையை இடைவிடாது அளக்க வேண்டியதில்லை, பெருஞ்சில்லும் பெருமின்கலமும் வேண்டியதில்லை. தெருவில் இயல்பாக அணிந்து செல்லத்தக்க வடிவம் அவ்வகையில் கைகூடிற்று. அதில் வந்த மடலைப் படிக்கலாம். பிறமொழிப் பேச்சை மொழிபெயர்ப்பாகக் காணலாம். வழிகாட்டும் வரைபடத்தைப் பார்த்து நடக்கலாம். மேசைமேல் ஒரு பூச்சாடியை வைத்துவிட்டு எழுந்து அதனைச் சுற்றிவந்து பார்க்க மட்டும் இயலாது.